திட்டுவதற்கு ஒரு வெளியாள்

ஷமீ, உனக்கு ஸலாம். கடிதத்தைப் பார்த்ததும் அத்தாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, போனில் பேச வேண்டியதைப் போய்த் தாளில் எழுதி அனுப்பியிருக்கிறாரே என்று பதறுவாய். பதறாதே. காலையில் இட்லி சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் பேசினால் கத்திவிடுகிறேன், அதனால் எழுதுகிறேன். போன வாரம் அப்படித்தான் ஆனது. நீ தப்பாக எதுவும் கேட்கவில்லை. "அத்தா, ஷேர்ல இருக்குற பணத்தையெல்லாம் நீங்க ஒத்தையில பாத்துக்கிட்டுக் கெடக்க வேண்டாம். மதுரையில ஒரு அட்வைசர் இருக்காராம். ஒரு தடவை போய்ப் பேசிப் பாப்பமா?" என்றாய். அதற்கு நான், "கமிஷன் வாங்கித்தான் உன்னப் படிக்க வச்சேன். எனக்கு இன்னொரு கமிஷன்காரன் வந்து புத்தி சொல்லணுமாக்கும்" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. அத்தா கோபமாக இருக்கிறார் என்று மருமகனிடம் சொல்லியிருப்பாய். கோபம் இல்லை, வெட்கம். எடுத்தால் உன்னிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் ஏன் கத்தினேன் என்று சொல்கிறேன். வெங்காயப் பேட்டையில் கமிஷன் கடை வைத்திருந்த காலம் முழுக்க என் தொழில் என்ன? அடுத்தவன் விளைவித்த பொருளுக்கு அடுத்தவன் கொடுக்கிற விலையை நடுவில் நின்று பேசிவிடுவது. மூட்டை கைமாறினால் எனக்குக் கூலி, கைமாறாவிட்டால் ஒன்றுமில்லை. இதில் ஒளிவு மறைவே கிடையாது, விளைவித்த சம்சாரிக்கும் தெரியும், வாங்குகிற வியாபாரிக்கும் தெரியும். ஆனால் மூட்டை கைமாறினால்தான் அடுப்பு எரியும் என்று ஆனபிறகு, மனுஷன் வாயிலிருந்து வருகிற யோசனை எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே இருந்து பார்த்தவன் நான். நம் வீட்டுக்கு எத்தனை பேர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், உனக்கு நினைவிருக்கும். அந்தத் திட்டம், இந்தத் திட்டம், பிள்ளை கல்யாணத்துக்கு ஒன்று, முதுமைக்கு ஒன்று. எல்லோருக்கும் டீ கொடுத்து அனுப்பினேன். ஒருவனையும் நம்பவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை, அவர்களும் என்னைப் போன்றவர்கள் என்பதால்.

தொப்பம்பட்டிக்காரர் ஒருவர் நம் கடைக்கு வருவார், தங்கவேலு கவுண்டர். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்கு நிலக்கடலை கொண்டுவந்து கொடுப்பாரே, அவர்தான். ஒரு வருஷம் வெங்காயம் நன்றாக விளைந்து, விலை மட்டும் மந்தமாகக் கிடந்தது. வண்டியில் சரக்கோடு வந்து இறங்கியவர், இறக்கலாமா, திருப்பிக் கொண்டுபோய்ப் பட்டறை போட்டுச் சேர்த்து வைக்கலாமா என்று தெரியாமல் கடை வாசலில் நின்றார். என்னைப் பார்த்து, "ஏனுங்க பாய், உங்க சரக்கா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? மறைக்காமச் சொல்லுங்க" என்று கேட்டார். "வித்துருவேன் கவுண்டரே" என்றேன். விற்றார். அடுத்த மாதம் விலை ஏறியது, சாதாரண ஏற்றம் இல்லை. பட்டறை போட்டவன் எல்லாம் வீட்டுக்கு மாடி எடுத்தான். நான் அன்றைக்கு விற்கச் சொன்னது விலை இன்னும் விழும் என்று நிஜமாகவே நினைத்தா, கமிஷனுக்கா? ஷமீ, இன்றுவரை எனக்கே தெரியவில்லை. பொய் சொன்னதாக என் மனசு சொல்லவில்லை. உண்மை சொன்னதாகவும் சொல்லவில்லை. கவுண்டர் மறுபடியும் நம் கடைக்குத்தான் வந்தார். எப்படி வருகிறீர்கள் என்று கூச்சத்தோடு கேட்டேன். "அன்னிக்கு யார்கிட்டயாச்சும் கேக்கோணும்னு இருந்துச்சுங்க பாய். கேட்டுட்டேன், அவ்வளவுதானுங்க" என்றார். அப்போது அது எனக்குப் புரியவில்லை. பாவம், வெள்ளந்தி மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

முழங்கால் வலியில் கடையைக் கைமாற்றிவிட்டுப் பணத்தோடு உட்கார்ந்தபோது, அதை என்ன செய்வது என்று நீதான் முதலில் கேட்டாய். வட்டி வேண்டாம் என்பது நம் வீட்டுப் பழக்கம், அதனால் பாங்கில் டெபாசிட் போடுகிற பேச்சே எழவில்லை. மனை வாங்கிப் போடவும் எனக்குப் பிடிக்கவில்லை. வத்தலக்குண்டு ரோட்டில் கல் நட்டு வைத்திருக்கிற மனைகளைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்புத்தான் வரும். நல்ல கம்பெனியில் பங்கு வாங்கினால் அது வியாபாரம், லாபமும் நஷ்டமும் நம்முடையது என்று பள்ளிவாசலில் விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அது எனக்கு ஒத்துப்போனது. போனில் எப்படி வாங்குவது, எப்படி விற்பது என்று நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாய். நானும் சின்னப் பையன் மாதிரி உற்சாகமாகக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஆரம்பத்தில் நான் செய்த கூத்து இருக்கிறதே, வெங்காயக்காரனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். எந்தப் பங்கு கொஞ்சம் ஏறினாலும் உடனே விற்றுவிடுவேன். கையில் வைத்துக்கொண்டு இரவு தூங்க முடியாது. ஈரம் பட்டுவிடுமோ, முளை விட்டுவிடுமோ, நாளைக்கு லாரி லாரியாக வரத்து வந்து விலை விழுந்துவிடுமோ என்று உடம்பே பழகிப்போயிருந்தது. உன் அம்மாதான், "ஏங்க, அது என்ன அழுகவா போகுது?" என்று கேட்டாள். நானும் நீயும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சொன்ன பிறகுதான் வாங்கியதை வைத்திருக்கப் பழகினேன்.

உன் அம்மாவுக்குப் பங்குச் சந்தை என்றால் என்னவென்று கடைசிவரை தெரியாது. ஆனால் எதை வாங்குவதற்கு முன்பும் சாயங்காலம் அவளிடம் சொல்லுவேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டோ, அரிசி பொறுக்கிக்கொண்டோ கேட்பாள். கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அந்தக் கம்பெனி என்னத்த விக்குது?" பெயிண்டு விற்கிறது, மாத்திரை விற்கிறது, சோப்பு விற்கிறது என்று சொன்னால் தலையாட்டுவாள். சிலதுக்கு என்னால் சொல்ல முடியாது. அது வந்து, கம்ப்யூட்டரில் ஒரு சேவை, அதாவது, என்று இழுப்பேன். "ஒங்களுக்கே சொல்லத் தெரியல, அப்பறம் எதுக்கு அம்புட்டுப் பணம்?" என்று கீரையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அதை வாங்க மாட்டேன். இப்படித்தான் நான் ஏழெட்டு வருஷம் யார் துணையும் இல்லாமல், யாருக்கும் கமிஷன் கொடுக்காமல் பணத்தைப் பெருக்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேட்டையில் பழைய கூட்டாளிகளிடம் பெருமை பேசினேன். துணை இல்லாமலா செய்தேன்? துணை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, சம்பளம் கேட்கவில்லை என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அவள் மௌத்தான பிறகும் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தேன். கேட்க ஆள் இல்லை. வாங்கினேன், விற்றேன், மறுபடி வாங்கினேன். ஒரே கம்பெனியை இரண்டு தடவை வாங்கிவிட்டு, முதல் தடவை வாங்கியதையே மறந்திருந்தேன். வயசாகிறது, யாருக்குத்தான் மறதி இல்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ போனில், "அத்தா, இத நேத்தே கேட்டீங்களே" என்று சொல்ல ஆரம்பித்தாய். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டு, புதுசாகக் கேட்ட மாதிரியே பதில் சொல்ல ஆரம்பித்தாய். அதை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. நீ நிறுத்தியதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

நோன்புப் பெருநாளுக்கு நீ வந்துவிட்டுப் போன பிறகு ஒருநாள் காலையில் போனைத் திறந்து பார்த்தேன். பங்குகள் இருக்கிற பக்கம் காலியாக இருந்தது. பெயிண்டு இல்லை, மாத்திரை இல்லை, சோப்பு இல்லை. உன் அம்மா தலையாட்டிச் சரி சொன்னது ஒன்றுகூட இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பாங்குக்குப் போய்க் கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு பெண் அதிகாரி, உன் வயசுதான் இருக்கும், என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது. "செத்த இருங்க பாய், பாக்குறேன்" என்று கம்ப்யூட்டரில் பார்த்தது. பிறகு என் போனை வாங்கி, என் பக்கமாகவே திருப்பிப் பிடித்து, மெதுவாகச் சொன்னது: "பாய், யாரும் எடுக்கல. நீங்கதான் வித்திருக்கீங்க. இந்தா மெசேஜு. வித்த பணம் அம்புட்டும் உங்க கணக்குலதான் கெடக்குது." மெசேஜைப் படித்தேன். அதற்கு முந்தின வாரத்துத் தேதி. என் விரல்தான் அழுத்தியிருக்கிறது. எப்போது, எதற்கு, எந்த நேரத்தில் என்று துளிக்கூட நினைவில்லை. இன்றைக்கும் இல்லை. பணம் போயிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

உனக்குச் சொல்லாமல் மதுரையில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். நல்ல மனுஷன், நிறையப் பேசவிட்டார். நடுவில், "நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்கிற இடத்தில் ஒரு வண்டிச் சரக்குக்கு எடை, விலை, கூலி, கமிஷன் எல்லாம் கழித்து வாயாலேயே கணக்குச் சொன்னவன் நான். தொண்ணூற்று மூன்று என்றேன். எண்பத்தாறு என்றேன். அதற்கு அடுத்தது வரவில்லை. சுவரில் இருந்த மின்விசிறியைப் பார்த்தேன், மேஜையைப் பார்த்தேன், வரவில்லை. "பரவாயில்லங்க" என்று அவர் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது ஆரம்பம் என்றார். மெதுவாகவும் போகலாம், வேகமாகவும் போகலாம், மாத்திரை கொஞ்சம் கைகொடுக்கும், திரும்பி வராது என்றார். போகப் போகச் சிலருக்குச் சந்தேகம் வரும், அதுவும் பக்கத்தில் இருக்கிறவர்கள் மேல்தான் வரும் என்றும் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் சின்னாளப்பட்டியில் இறங்கி, கடைக்குள் போய், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். "யாருக்கு பாய், வயசானவங்களுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். வாயைத் திறந்து பதில் சொல்லப் போனபோதுதான் உன் அம்மா இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சேலையை வைத்துவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். யாரோ ஒரு அம்மா என்னைத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் நீ போனில் அட்வைசர் பேச்சை எடுத்தாய். உனக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் சரியாகப் புண் மேலேயே கை வைத்துவிட்டாய். அதனால்தான் கத்தினேன். கத்திய மறுநாள் நானே அந்த மனுஷனைத் தேடிப் போனேன். நீ அனுப்பியிருந்த விலாசம் போனில் இருந்தது. முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. வாங்க, உட்காருங்க என்றார், சட்டம் போட்ட சான்றிதழ் எல்லாம் சுவரில் மாட்டியிருந்தார். நான் அதைப் பார்க்கவில்லை. "தம்பி, நான் எதையும் வாங்காம இப்பிடியே எந்திரிச்சுப் போனா உனக்குக் கூலி உண்டா?" என்று கேட்டேன். "உண்டுங்கய்யா. நீங்க வாங்கினாலும் வாங்காட்டியும் எனக்கு ஒரே பீஸ்தான். அத நீங்கதான் தருவீங்க, எந்தக் கம்பெனிக்காரனும் எனக்குத் தர மாட்டான்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. தங்கவேலு கவுண்டர் கேட்ட அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு கூலி இருந்திருந்தால், என் மனசு என்ன சொன்னது என்றாவது எனக்கு விளங்கியிருக்கும். இன்னொன்றும் கேட்டேன். "ஒருநா உனக்குப் போன் போட்டு, எல்லாத்தையும் வித்துருன்னு கத்துவேன். அப்ப என்ன செய்வ?" எனக்கு என்ன கோளாறு என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "ரெண்டு நாள் கழிச்சுத் திருப்பிக் கேப்பேன்யா. அதுக்குள்ள உங்க மகளக் கூப்ட்டுச் சொல்லிருவேன். அதுக்கு இப்பவே உங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிக்குவேன்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்று நான் நினைக்கவில்லை. எந்தப் பங்கு ஏறும் என்று அவருக்கும் தெரியாது, தெரிந்த மாதிரி அவர் நடிக்கவும் இல்லை. நீயும் மருமகனும் உங்கள் பணத்தை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும், அதனால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்களே செய்வதானால் தாராளமாகச் செய்யுங்கள், உனக்கு அந்தப் புத்தி இருக்கிறது. ஆனால் ஒருவர் செய்வதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மருமகன் உன்னிடமும், நீ அவரிடமும். சொல்லத் தெரியாததை வாங்க வேண்டாம். ஆள் வைத்துக்கொள்வதானால் அவருக்குச் சோறு போடுவது யார் என்று முதலில் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதே, நல்லவன் கோபித்துக்கொள்ள மாட்டான். இதில் எது உசத்தி என்று என்னிடம் கேட்டால் ஒரு காலத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்லியிருப்பேன். இப்போது தெரியாது. புத்தி சரியாக இருக்கிறவரைக்கும்தான் தனியாகச் செய்ய முடியும், அது போகும்போது சொல்லிக்கொண்டு போகாது என்பது மட்டும் தெரியும்.

நீ கேட்கப் போவதும் எனக்குத் தெரியும். வெளியாள் எதற்கு அத்தா, நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்பாய். நன்றாகப் பார்ப்பாய், அவரைவிட நன்றாகப் பார்ப்பாய். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். பாங்கில் நடந்ததில் பாதியைத்தான் மேலே எழுதினேன், மீதி இதுதான். அந்த அதிகாரி பெண் தண்ணீர் கொடுத்து, "வீட்டுல வேற யாரும் போனைத் தொட்டாங்களா பாய்?" என்று கேட்டது. நான் யோசிக்கவே இல்லை. "எம் மக பெருநாளுக்கு வந்தா. அவதான் எடுத்திருப்பா. அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். வரிசையில் நம் தெருக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள், அவர்கள் காதிலும் விழுந்தது. என் வாயால் சொன்னேன், ஷமீ. அம்மா படுக்கையில் கிடந்தபோது வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பீ மூத்திரம் அள்ளிய பிள்ளையைத் திருடி என்று நடு பாங்கில் வைத்துச் சொன்னேன். அந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டும் இரண்டும் நாலு என்பது போல அவ்வளவு தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவை நினைத்தால்தான் இப்போதும் பயமாக இருக்கிறது.

கணக்கு உன் கையில் இருந்தால் நான் தினமும் உன்னைச் சந்தேகப்படுவேன். அதனால்தான் ஆள் வைத்தேன். திட்டுவதற்கு ஒரு வெளியாள் வேண்டும். அவருக்கு மாதம் பிறந்தால் பீஸ் வந்துவிடும், நான் என்ன திட்டினாலும் துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். உனக்கு அப்படி முடியாது. நீ வரும்போது பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, நான் கேட்டாலும் "எனக்குத் தெரியாது அத்தா, அவர்ட்டக் கேளுங்க" என்று சொல்லிவிடு. எனக்கு நீ மகளாக மட்டும் இருந்தால் போதும்.

இவ்வளவு செய்த பிறகும் ஒருநாள் நான் உன்னைத் திருடி என்று சொல்வேன். பள்ளிவாசலில் சொல்வேன், தெருவில் நின்று சொல்வேன், உன் பிள்ளைகள் முன்னால் சொல்வேன். அன்றைக்கு என்னோடு வாதாடாதே. இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டாதே, இது என் எழுத்தே இல்லை என்று சொல்லிவிடுவேன், உனக்கு இன்னும் வலிக்கும். ஏதாவது சாப்பிட்டீங்களா அத்தா என்று மட்டும் கேள். அதன் பிறகு தனியாகப் போய் நீ மட்டும் இதைப் படித்துக்கொள். நீ என் பணத்தில் ஒரு பைசா எடுக்கவில்லை, ஷமீ. அது எனக்கு இன்றைக்குத் தெரியும்.